பூட்டிய டயல்

எங்கள் டெலிபோன் இலாகாவில் ஓய்வு பெற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் கூடுவோம். போன கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். "சுத்துற டயல்ல இருந்து டச் போன் வரைக்கும் பாத்தவரு, நாலு வார்த்த சொல்லட்டும்" என்றார் தலைவர். மைக்கைப் பிடித்தேன். "எல்லாருக்கும் வணக்கம், சாப்பாடு ரொம்ப நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மண்டபமே சிரித்தது. சாப்பாடு அப்போது இன்னும் பரிமாறவே இல்லை.

என் சுபாவம் அப்படி. எதற்கெடுத்தாலும் வெட்கப்படுகிறவன். இப்போது வேலையில் இருப்பவர்கள் விடாமல் கேட்டதால், சொல்ல முடியாததை எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எழுத்தில் ஒரு வசதி உண்டு, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

நான் சேர்ந்தது மஸ்தூராக, அதாவது தினக்கூலியாக. பள்ளம் தோண்டினேன், கம்பம் நட்டேன், பிறகு கம்பம் ஏறினேன். இடையில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே கற்றதைவிட அந்த விடுதியின் சாம்பார்தான் நன்றாக நினைவிருக்கிறது. திரும்பி வந்ததும் லைன்மேன் ஆக்கி, கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் வரைக்கும் உள்ள லைன்களைக் கொடுத்தார்கள். கம்பத்தின் மேல் இருக்கும்போது என்னோடு படித்தவன் யாராவது கீழே சைக்கிளில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவன் நிமிர்ந்து பார்த்து, "இன்னாடா, மேல இன்னா பண்ற?" என்று கேட்காமல் போகமாட்டான்.

இன்று வீட்டில் எத்தனை பேரோ அத்தனை போன். அன்று ஒரு தெருவுக்கு ஒன்று இருந்தால் அதிகம். போன் இல்லாதவர்கள் கல்யாணப் பத்திரிகையில்கூடப் பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டு, அதற்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சடிப்பார்கள். அந்த எண்ணுக்கு அழைத்தால் போன்கார வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் குரல் கொடுப்பாள். இவர்கள் அடுப்பைத் தணித்துவிட்டு ஓடி வருவார்கள்.

போன் வைத்திருந்தவர்கள் அதைக் கூடத்து நடுவில் முக்காலி போட்டு, பூ வேலை செய்த துணியால் மூடி வைத்திருப்பார்கள். பல வீடுகளில் அதற்குப் பூட்டும் உண்டு. விரல் விட்டுச் சுற்றும் டயலின் ஓட்டை ஒன்றில் கட்டைவிரல் அளவுப் பூட்டை மாட்டிவிட்டால் டயல் சுற்றாது. வெளியிலிருந்து வருகிற அழைப்பை யாரும் எடுக்கலாம். இங்கிருந்து யாரையும் அழைக்க முடியாது. சாவி வீட்டுப் பெரியவரின் அரைஞாண் கயிற்றில் தொங்கும்.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் போன் இன்ஸ்பெக்டர் ஆரோக்கியசாமி. நாள் முழுக்கக் கூட்டிப் பார்த்தாலும் நாலு வார்த்தைதான் பேசுவார். ரிப்பேருக்குப் போகிற வீட்டில் வாசலுக்கு நேராக நிற்கமாட்டார். ஓரமாக நின்று குரல் கொடுத்து, பெண்கள் உள்ளே போக நேரம் கொடுத்துவிட்டுத்தான் படியேறுவார். ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். வேலை முடிந்ததும் தைல வாசனை வீசும் கைக்குட்டையால் ரிசீவரின் வாயையும் காதையும் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டுவார்.

எனக்கு அவர் வலியுறுத்திச் சொன்னது ஒன்றுதான். லைன்மேன் இடுப்பில் ஒரு டெஸ்ட் போன் தொங்கும். கம்பத்து உச்சியில் ஒரு பெட்டி இருக்கும், டி.பி. என்போம். அந்தத் தெருவின் எல்லா வீட்டு வயரும் அங்கே வந்து சேரும். எந்த வீட்டு வயரில் கிளிப்பை மாட்டினாலும் அந்த வீட்டுப் பேச்சு நம் காதில் விழும். "பேச்சு கேட்டுச்சுன்னா லைன் நல்லா இருக்குன்னு அர்த்தம். உடனே கிளிப்ப எடு. அதுக்கு மேல கேக்கறது நம்ம வேல இல்ல" என்றார். எங்கள் தொழிலில் தர்மம் என்று ஏதாவது இருந்தால் அது இவ்வளவுதான்.

வடக்கனந்தலில் தணிகாசலம் என்று ஒருவர். நெல், கரும்பு, மரவள்ளி என்று நிலபுலன் உள்ள குடும்பம். கூடத்தில் சிவப்பு நிறப் போன், டயலில் பூட்டு. ஒரே மகனுக்குத் தியாகதுருகத்தில் ஒன்றுமில்லாத வீட்டுப் பெண்ணை, அழகைப் பார்த்து எடுத்திருந்தார்கள். பெயர் அலமேலு. கட்டிக்கொடுத்ததோடு சரி, அம்மா வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். அம்மா இங்கே வந்தாலும் வாசலோடு பேசி அனுப்பிவிடுவார்கள் என்று ஊரில் சொல்வார்கள். ஊர்ப் பேச்சு எனக்குத் தெரியக் காரணம் உண்டு. என் மனைவி பச்சையம்மாள் அதே ஊர்க்காரி, தணிகாசலம் வீட்டுக்கு அடுத்த தெரு.

தணிகாசலத்திடமிருந்து ஒரு புகார் வந்தது. எக்ஸ்சேஞ்ச் மீட்டரில் எண்ணிக்கை ஏறுகிறது, பூட்டிய போனில் தினம் கால் போகிறது என்று. பில் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை. அவருக்கு அது ஒரு பொருட்டும் இல்லை. "காசு கெடக்குது. சாவி என் இடுப்புல இருக்குது, எவன் தொறந்தான்? அத்தச் சொல்லு" என்று ஆபீசில் வந்து மேசையைத் தட்டினார்.

இந்த இடத்தில் ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். டயலில் ஐந்தைச் சுற்றினால், அது திரும்பி வரும்போது லைன் ஐந்து முறை வெட்டி வெட்டிச் சேரும். எக்ஸ்சேஞ்ச் எண்ணுவது அந்த வெட்டுகளை மட்டும்தான். ரிசீவரை வைத்ததும் அமுங்குகிற பொத்தான் இருக்கிறதே, அதை ஐந்து முறை சீராகத் தட்டினாலும் எக்ஸ்சேஞ்சுக்கு அது ஐந்துதான். டயலே வேண்டாம். பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் தட்டுகிற வேகம் கொஞ்சம் பிசகினாலும் வேறு யார் வீட்டிலோ மணி அடிக்கும். எங்களுக்கே நாள்கணக்கில் பழகினால்தான் கை வரும். வெளியாள் ஒருவர் தானாகக் கண்டுபிடிப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

கம்பத்தில் கிளிப் மாட்டி, அந்த லைனில் வெட்டு வருகிறதா என்று பார்க்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். வயல் வேலைக்கு எல்லாரும் போயிருந்த உச்சி வெயிலில் ஏறினேன். கொஞ்ச நேரத்தில் டயல் டோன் வந்தது. பிறகு டிக், டிக், டிக் என்று தட்டு. கேட்டதுமே தெரிந்துவிட்டது. டயல் எழுப்பும் ஒலியில் மூச்சு இருக்காது. இதில் ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரு கை நின்று, யோசித்து, மறுபடி தட்டியது. அடுத்த பக்கம் மணி அடித்தது. யாரோ எடுத்து, யாரையோ கூவி அழைத்தார்கள். வயதான ஒரு குரல் மூச்சிரைக்க வந்தது.

"வூட்ல யாரும் இல்லம்மா" என்றது இந்தப் பக்கக் குரல். "இன்னா கொழம்பு இன்னிக்கி?"

"கருவாட்டுக் கொழம்புடி."

"மொச்சக்கொட்ட போட்டியா?"

"போடாம? நீ இருந்தா சட்டிய வழிச்சினு இருப்ப."

அலமேலு சிரித்தாள். இவ்வளவுதான் பேச்சு. புகார் இல்லை, அழுகை இல்லை. அந்த இடத்தில் நான் கிளிப்பை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அந்தச் சிரிப்பு முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

கீழே பார்த்தால் தெருமுனையில் தணிகாசலம் வந்துகொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் நடந்தால் வீட்டு வாசல். உள்ளே அவள் ரிசீவரும் கையுமாக நிற்கிறாள். எனக்குத் தோன்றியது ஒன்றுதான், பெட்டியில் அவர்கள் வீட்டு வயரைக் கழற்றிவிட்டேன். பேச்சு அறுந்தது. அவள் வைத்துவிட்டு உள்ளே போயிருப்பாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டபோது அவர் நின்று அண்ணாந்து பார்த்தார். நான் காதில் டெஸ்ட் போனோடு அவர் லைனைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏண்டா, என் வூட்டு லைன்ல எவளுக்குடா பேசிகினு இருக்கற?"

இறங்கினேன். அவர் உள்ளே போய் ரிசீவரை எடுத்துப் பார்த்தார். உயிர் இல்லை. அது போதாதா? வெளியே வந்து தெருவையே கூட்டினார். கம்பத்தில் ஏறி அடுத்தவன் லைனில் ஓசியில் பேசுகிற லைன்மேன்கள் அங்கங்கே இருக்கத்தான் செய்தார்கள், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "பேசினது நான் இல்லீங்க" என்றேன். "அப்ப எவன் பேசினது?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். என்னை உத்தமன் என்று யாரும் எண்ண வேண்டாம். பாதி அந்தப் பெண்ணுக்காக, பாதி எனக்காக. அவளைச் சொன்னால், ஒரு பெண்பிள்ளை அம்மாவிடம் பேசியதை நான் ஒட்டுக்கேட்டதையும் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தில் என் மாமியாரும் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் என்னையும் அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். வழக்கம்போல் ஓரமாக நின்று குரல் கொடுத்துவிட்டு ஏறினார். முக்காலியின் முன் உட்கார்ந்து துணியை விலக்கினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். டயலை அசைத்துப் பார்த்தார். பிறகு அவர் விரல் ரிசீவர் வைக்கும் பொத்தானின் மேல் போய் நின்றது. அமுக்கவில்லை. தலையைத் திருப்பி உள்கட்டுக் கதவைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம் கேட்டு நின்றது. விரலை எடுத்துக்கொண்டார்.

"பூட்டு சரியாத்தாங்க இருக்கு" என்றார்.

"அப்ப உன் ஆளுதான்" என்றார் தணிகாசலம்.

இன்ஸ்பெக்டர் ரிசீவரைத் துடைத்தார். இரண்டு கையாலும் நீட்டினார்.

ஆபீசுக்கு வந்து கதவைச் சாத்தினார். "ரெண்டுல ஒண்ணு எழுதணும். ஒண்ணு எழுதினா அந்தப் பொண்ணுக்கு. இன்னொண்ணு எழுதினா உனக்கு. நீ சொல்றத எழுதறேன்" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. நான் தரையைப் பார்த்தபடியே, "எனக்கு மலை ஒத்துக்கும் சார்" என்றேன். கல்வராயன் மலைக்கு மாற்றல் என்றால் எங்கள் பக்கத்தில் தண்டனை என்றுதான் பொருள். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

வெள்ளிமலையில் இருந்துகொண்டு மலையூர்களைப் பார்க்கிற வேலை. கம்பி போகாத ஊர்களுக்கு ரேடியோவில் வேலை செய்கிற பொதுப் போன் ஒவ்வொன்று கொடுத்திருந்தோம். கூரை மேல் சூரியத் தகடு, கீழே பேட்டரி. மழைக்காலத்தில் போனும் மூடிக்கொள்ளும். வேலைக்குப் போன மகனிடம் பேசுவதற்கு ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்து, மேகம் விலகட்டும் என்று நாள் முழுக்கக் காத்திருப்பார்கள். அவர்கள் என்னை 'சார்' என்பார்கள், கட்டிலை இழுத்துப் போடுவார்கள். திருட்டுப் பட்டத்தோடு வந்தவன் என்பது தெரியாமல் செய்கிறார்களே என்று எனக்குக் கூசும். பிற்பாடு செல்போன் வந்தபோது அவர்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், எந்தப் பாறையில் ஏறினால் சிக்னல் எத்தனை கோடு வரும் என்று.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். பச்சையம்மாள் என்னை நேராகக் கேட்டாள்.

"நீங்க பேசினீங்களா?"

"நான் பேசல."

"அப்ப யாரு பேசினது?"

நான் சொல்லவில்லை. இவளிடம் சொன்னால் இவள் அம்மாவுக்குப் போகும், அங்கிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து தணிகாசலத்துக்கு. அப்படிக் கணக்குப் போட்டேன். "அப்ப நீங்கதான்" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

ஊழியர் என்ற முறையில் எங்கள் வீட்டுக்கும் இலாகா போன் கொடுத்தது. அவள் அதைத் தொடவில்லை. மணி அடித்தால் என்னைக் கூப்பிடுவாள். நான் இல்லாவிட்டால் அடித்து ஓயும்வரை விட்டுவிடுவாள். பட்டன் போன் வந்தது, கம்பியில்லாப் போன் வந்தது, அவற்றின் தூசையும் தட்டினாளே தவிர எடுத்துப் பேசவில்லை. பின்னால் மகள் தன் சம்பளத்தில் ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தாள். அதில் மகளிடம் மணிக்கணக்காகப் பேசுவாள். எனக்கு மட்டும் ஒருநாளும் அடித்ததில்லை.

அதைவிடப் பெரிது இது. அவள் பிறந்த ஊருக்குப் போவதை நிறுத்திவிட்டாள். 'கால் திருடன் பொண்டாட்டி' என்று ஆற்றங்கரையில் யாரோ சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. ஆடி மாதத்து மாரியம்மன் திருவிழாவுக்குக்கூடப் போகமாட்டாள். என் மாமியார் கள்ளக்குறிச்சிச் சந்தைக்கு வருகிற நாளில் பஸ் ஸ்டாண்டில் இருவரும் பார்த்துக்கொள்வார்கள். பஸ்ஸின் ஜன்னல் வழியாக ஏதாவது பொட்டலத்தைக் கொடுத்து வாங்குவார்கள், பஸ் கிளம்பிவிடும். யாரோ ஒருத்தி அம்மாவோடு பேசட்டும் என்று வாயை மூடிக்கொண்டவன், தன் வீட்டுக்காரியின் அம்மா வீட்டு வழியை அடைத்துவிட்டேன். எல்லாம் தெரிந்தே இருந்தேன். மாமியார் செத்த அன்றைக்குத்தான் பச்சையம்மாள் அந்தத் தெருவில் கால் வைத்தாள்.

சென்ற மாதம் முருகையன் அழைத்தான். என்னோடு குழி தோண்டியவன், இப்போது ஃபைபர் கான்ட்ராக்டர். பழைய செம்புக் கம்பிகளைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்கு வீடு ஃபைபர் இழுக்கிறான்.

"ண்ணா, வடக்கனந்தல்ல ஒரு வூட்ல வேல. அந்த வூட்டம்மா பழைய லைன்மேன் வந்தாத்தான் போனக் குடுப்பேன்னு சொல்றாங்க. ஒரு நட வந்துட்டுப் போயிடு."

யார் வீடு என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. மாட்டேன் என்றேன். அவன் வண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டான்.

தணிகாசலம் கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காது மந்தம். பேரன் வாங்கிக் கொடுத்த டச் போனில், தெருவுக்கே கேட்கும்படி ஏதோ நாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாருப்பா, கேபிள் டிவியா?" என்றார். வைத்தியத்துக்குத் திரும்பிவிட்டார். என் பாதி வாழ்க்கை அவருக்கு ஞாபகமே இல்லை. எனக்குத்தான் வழக்கம்போல் வியர்த்தது.

அலமேலு உள்ளேயிருந்து வந்தாள். தலை நரைத்துவிட்டது, வீட்டுச் சாவிக்கொத்து இப்போது அவள் இடுப்பில். கையில் அந்தச் சிவப்புப் போன் இருந்தது. டயலில் பூட்டு அப்படியே தொங்கியது.

"அன்னிக்கி கதவுக்குப் பின்னாடிதாங்ண்ணா நின்னுகினு இருந்தேன்" என்றாள். அவள் குரலை நான் கேட்டது அது இரண்டாம் முறை. "லைனு அறுந்து, மாமா வாசல்ல கத்தினப்பவே தெரிஞ்சிபோச்சி, நீங்கதான் அறுத்தீங்கன்னு. ரெண்டாவது நாளு உங்க இன்ஸ்பெக்டரு பொத்தான் மேல வெரல வெச்சாரு பாருங்க, அப்பவே செத்துட்டேன்."

"விடும்மா" என்றேன்.

"அன்னியோட நானு போனத் தொடவே இல்லண்ணா. நீங்க மலைக்குப் போனதும் மீட்டரு நின்னுபோச்சா, 'பாத்தியா, அந்த நாய்தான்'னு மாமா ஊரெல்லாம் சொல்லிகினு வந்தாரு. ஒருவாட்டி, ஒரே ஒருவாட்டி நான் தட்டியிருந்தா உங்க பேரு வெளுத்திருக்கும். பயந்துகினு வுட்டுட்டேன். அம்மா தெனம் மதியத்துல அந்தப் பக்கத்து வூட்ல வந்து ஒக்காந்துகினு இருக்குமாம், எப்பனா மணி அடிக்கும்னு."

அப்படியானால் நான் மூடிய வாய் யாருக்கும் உதவவில்லை. அவள் குரல் நின்றதே என் குற்றத்துக்குச் சாட்சியாகவும் ஆகிவிட்டது. அவளும் தலைகுனிந்து நின்றாள், நானும் நின்றேன். கட்டிலில் நாட்டு வைத்தியம் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க வூட்ல அண்ணிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாது என்று தலையசைத்தேன்.

அவள் என்னையே பார்த்தாள். "இத்தினி வருசமாவா?" என்றாள். அந்தப் பார்வையைத் தணிகாசலத்தின் வசவோடு சேர்த்து எடை போட்டால், வசவு ஒன்றுமே இல்லை. பச்சையம்மாளிடம் சொல்லியிருந்தால் அவள் அதைக் காத்திருப்பாளா, தெருவில் போட்டிருப்பாளா? நான் கேட்டுப் பார்க்கவே இல்லை. அவள் சொல்லிவிடுவாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். தணிகாசலம் என்னைத் திருடன் என்று முடிவு கட்டியதும் இப்படித்தான்.

"நம்பரு சொல்லுங்க" என்றாள். பச்சையம்மாளின் எண்ணைச் சொன்னேன். அவள் தன் போனில் அழுத்தி, காதில் வைத்துக்கொண்டு உள்கட்டுக்குப் போனாள். "அண்ணி, நான் வடக்கனந்தல்ல இருந்து பேசறேங்" என்பது வரைக்கும் காதில் விழுந்தது. நான் வெளியே வந்துவிட்டேன். தெருமுனைக் கம்பம்வரை நடந்து, அதன் மேல் முருகையனின் ஆட்கள் பழைய டி.பி. பெட்டியைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும் வழியில் முருகையன் டீக்குடிக்க வண்டியை நிறுத்தினான். டம்ளரை வாங்கும்போது சட்டைப்பையில் போன் அடித்தது. கண்ணாடி இல்லாமல் பெயர் சரியாகத் தெரியவில்லை. மகள்தான் ஒவ்வொரு பெயருக்கும் படம் வைத்துக் கொடுத்திருந்தாள், அந்தப் படம் தெரிந்தது. பச்சையம்மாள். திரையில் பச்சை வட்டத்தைத் தள்ளத் தெரியாமல் இரண்டு முறை தவறவிட்டேன், தொழில் தெரிந்தவன் லட்சணம் அது. முருகையன் வாங்கித் தள்ளிக் கொடுத்தான்.

மறுமுனையில் பேச்சு இல்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டட்டும் என்றும் இருந்தது.

"ஏங்க" என்றாள் கடைசியில். "இன்னா கொழம்பு வெக்கட்டும்?"

டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கு மட்டும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.